எடுத்து வைத்த பெயர்

சாம்பாருக்குப் புளி கரைத்துக்கொண்டே புஷ்பவல்லி, "வான்மதி, சாப்பிட வா கண்ணு" என்று கூப்பிட்டாள். மாடியிலிருந்து "ம்" என்று பதில் வந்தது.

சின்ன "ம்". வாயைத் திறக்காமல், தொண்டையும் மூக்கும் மட்டும் சேர்ந்து எழுப்புகிற ஓசை. தூக்கம் முழுசாகக் கலையாத குழந்தைகள் அப்படிக் குரல் கொடுக்கும். புளிச் சக்கையைப் பிழிந்து போட்டுவிட்டுக் கை கழுவத் திரும்பியவள், சமையலறை நடுவிலிருந்த கல்மேடைக்கு அந்தப் பக்கம், உயரமான ஸ்டூலில் குழந்தை உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். தோல் துண்டுகளைத் தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்கியிருந்தாள். எட்டுத் துண்டு இருந்தது. வந்து உட்கார்ந்து வெகுநேரம் ஆகியிருக்க வேண்டும்.

"இங்கயா இருக்கே? மேல இருந்து குரல் குடுத்தியே?"

குழந்தை தலையைத் தூக்கவில்லை. "நான் குடுக்கல."

"வேற யாரு குடுத்தா?"

"நீங்க யாரைக் கூப்புட்டீங்களோ, அவங்க."

அதற்குள் கராஜ் கதவு உறுமி ஏறுகிற சத்தம் கேட்டது. நஞ்சுண்டன் வந்துவிட்டான். பேச்சு அத்தோடு நின்றுபோனது.

டெக்சஸில், கேட்டி என்ற ஊரில் அந்த வீட்டை வாங்கிப் பதிமூன்று வருடம். வாசல் கதவைத் திறந்ததும் இரண்டு மாடி உயரத்துக்குக் கூடம். கூடத்தின் ஓரமாக வளைந்து ஏறும் மாடிப்படி. படிக்கு அடியில் சூட்கேஸ்களும் வேக்குவம் கிளீனரும் வைக்கிற குளோசெட். மேலே ஒரு பென்சில் உருண்டால் கீழே கேட்கும். ஏசி ஓடும்போது கூரைக் குழாய்கள் முனகும், ஃப்ரிட்ஜ் நேரம் காலம் இல்லாமல் ஐஸ் கட்டியைக் கொட்டும், பின்பக்கம் மழைநீர் தேங்குவதற்காக வெட்டிய குளத்தில் தவளைகள் கத்தும். கீழிருந்து நான்காவது படி, கார்ப்பெட்டுக்கு அடியில் பலகை விட்டுப்போய், யார் மிதித்தாலும் கிறீச்சிடும். நஞ்சுண்டனின் எண்பத்தெட்டு கிலோவுக்கும் கத்தும், இப்போது வந்திருக்கும் இருபத்துமூன்று கிலோவுக்கும் கத்தும். குழந்தை இல்லாத வீட்டின் ஓசைகள் அத்தனையும் புஷ்பவல்லிக்கு மனப்பாடம். அந்த "ம்" அந்தக் கணக்கில் இல்லை.

ஆனாலும் அது முன்பின் தெரியாத ஓசை என்று சொல்லிவிட முடியவில்லை. எப்போதோ ஒரு முறை கேட்டிருக்க வேண்டியது, கேட்காமலே போனது. அப்படித்தான் பட்டது.

*

குழந்தை வேண்டும் என்று விண்ணப்பித்தபோது இரண்டு வயதுக்குள் என்றுதான் எழுதிக் கொடுத்தார்கள். மூன்றரை வருடக் காத்திருப்பில் அந்த எண் நான்காகி, ஆறாகி, ஒன்பதில் வந்து நின்றது. விரல்ரேகை, சம்பளச் சான்று, தீயணைப்பான் காலாவதித் தேதி, குழாயில் வருகிற வெந்நீரின் சூடு என்று எல்லாவற்றையும் அளந்து பார்த்த பிறகு, தர்மபுரிப் பக்கத்துக் காப்பகம் ஒன்றிலிருந்து ஒரு புகைப்படம் வந்தது. ஒல்லியான பெண். எண்ணெய் வைத்து வழித்துச் சீவி இரட்டைச் சடை. கேமராவைப் பார்க்காமல் அதைப் பிடித்திருந்தவரைப் பார்க்கிற கண்கள். பெயர் சாந்தாமணி.

"எங்க பெரியம்மா பேரு மாதிரியே இருக்குது" என்று சிரித்தான் நஞ்சுண்டன். "இங்க ஸ்கூல்ல சான்டா, சான்டான்னு ஓட்டியே கொன்னுருவானுக. மாத்திரலாம், வல்லி. நாமதான் ஒரு பேரு எடுத்து வச்சோமே. சும்மாதானே கெடக்குது."

பழைய பெயரை அடியோடு எடுத்துவிடாதீர்கள், அந்த வயதுக் குழந்தைக்குக் கூடவே வந்த ஒரே சாமான் அதுதான் என்று பயிற்சி வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அதற்காக நடுவில் 'எஸ்' என்று ஓர் எழுத்தை மட்டும் விட்டுவைத்தார்கள்.  எடுத்து வைத்த பெயர் சும்மா கிடக்கவில்லை என்று புஷ்பவல்லிக்கு மட்டும் தெரியும்.

பதினோரு வருடத்துக்கு முன்னால், ஒரு பிப்ரவரி மாதம். முப்பத்தெட்டாவது வாரத்தில் வயிற்றுக்குள் அசைவு நின்றது. அழாத குழந்தைக்குப் பெயர் வைப்பதில்லை, வைத்தால் அது போகிற வழியில் திரும்பிப் பார்க்கும் என்று நஞ்சுண்டன் வீட்டில் ஃபோனிலேயே சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரி ஃபாரத்தில் 'பேபி கேர்ள்' என்று மட்டும் எழுதினான். ஊருக்குப் பேச அவன் வராந்தாவுக்குப் போன இடைவெளியில், நர்ஸ் குழந்தையைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். ரோஸும் நீலமும் கோடு போட்ட துணி. தலையில் பின்னல் தொப்பி. தொப்பிக்கு வெளியே ஈரம் காயாத மெல்லிய முடி. இருபது நிமிடம் தந்தார்கள். அந்த இருபது நிமிடத்தில் புஷ்பவல்லி குனிந்து, கடுகளவு சூடும் இல்லாத அந்தக் காதில் வாயை வைத்து, முறைப்படி மூன்று தடவை கூப்பிட்டாள். வான்மதி. வான்மதி. வான்மதி.

கணவனிடம் அதைச் சொல்லவில்லை. ஒரு வருடம் சொல்லாதது இரண்டாம் வருடமும் சொல்ல வரவில்லை. தொப்பியும், மையில் பதித்த பாதச் சுவடு அட்டையும் ஒரு பெட்டியில், படிக்கு அடியிலுள்ள குளோசெட்டில், சூட்கேஸ்களுக்குப் பின்னால் இருந்தன.

ஏப்ரல் முதல் ஞாயிற்றுக்கிழமை பெயர் வைத்தார்கள். பத்துப் பேரைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். ஒன்பது வயதுப் பெண்ணை மடியில் உட்கார வைத்ததும் கால் இரண்டும் தரையில் இழுபட்டன. "மடி பத்தலையே புஷ்பா, என் மடியையும் சேர்த்துக்கோ" என்றாள், அடுத்த தெரு மெஹர் நிஷா. செய்து கொண்டுவந்த வட்டலப்பத்தை அப்போதும் கையிலேயே வைத்திருந்தாள். எல்லாரும் சிரித்தார்கள். முதலில் நஞ்சுண்டன் குழந்தையின் காதில் சொன்னான். பிறகு புஷ்பவல்லி. மூன்றாம் தடவை சொன்னபோது, மடியிலிருந்த உடம்பு விறைத்துக் குழந்தை நிமிர்ந்து மாடிப்பக்கம் பார்த்தது. வெட்கம் என்று நினைத்தார்கள்.

அந்த "ம்" கேட்டது அதற்கு ஒன்பதாம் நாள்.

*

அடுத்த வாரம் மாடியில் தரையை உள்ளங்கையால் அறைகிற சத்தம். தப். தப். கொஞ்சம் நகர்ந்து மறுபடியும் தப். அது எப்போது கேட்கும் என்பதைப் புஷ்பவல்லி மெல்ல மெல்லக் கண்டுகொண்டாள். கூப்பிட்ட பிறகு கேட்கும். வான்மதி, பஸ் வந்துரும். வான்மதி, பல்லு விளக்கு. வான்மதி, தூங்கு. அந்தப் பெயரைச் சொல்லி முடித்ததும், ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து, தப், தப் என்று ஏதோ ஒன்று படியின் உச்சி வரைக்கும் தவழ்ந்து வந்து நிற்கும்.

"அட்டிக்ல அணில்" என்றான் நஞ்சுண்டன். ஆள் வந்து ஏணி போட்டுப் பார்த்தார். அணிலும் இல்லை, எச்சமும் இல்லை. "டெக்சஸ் அணிலாக்கும். ஆளைப் பாத்ததும் எஸ்கேப் ஆயிருச்சு" என்று அதற்கும் சிரித்தான் நஞ்சுண்டன்.

மாதக் கடைசியில் காலடிகள். இடறி இடறி நடக்கிறவை. பிறகு இடறாதவை. ஒரு சனிக்கிழமை மதியம், நஞ்சுண்டன் குழந்தையை ஹில்கிராஃப்டில் இருக்கும் இந்தியக் கடைக்கு அழைத்துப் போயிருந்தான். அவளுக்கு வீட்டில் அரைத்த இட்லிப்பொடி பிடிக்காது, கடைப்பொடிதான் வேண்டும். துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்த புஷ்பவல்லி, யோசனையில்லாமல், "வான்மதி சட்டை எங்க போச்சு" என்று தனக்குள்தான் சொன்னாள். மேலே ஓர் அறைக்கதவு திறந்தது. காலடிகள் படியிறங்கின. கார்ப்பெட்டில் வெறுங்கால் பதிகிற மெத்தென்ற ஓசை. அவள் எண்ணினாள். கீழிருந்து ஆறு. ஐந்து. நான்கு.

நான்காம் படி கிறீச்சிடவில்லை.

மூன்று. இரண்டு. அங்கே நின்றது. துணிக்குவியலைக் கையில் பிடித்தபடி அவளும் அசையாமல் நின்றாள். படியில் யாரும் இல்லை. ஆஸ்பத்திரி சோப்பின் வாசனை ஒரு தடவை வந்து போனது.

குழந்தையோ வீட்டில் யாரையும் முறை சொல்லிக் கூப்பிடுவதில்லை. காப்பகத்தில் பழகினபடி நஞ்சுண்டனை "சார்" என்பாள். புஷ்பவல்லியை ஒன்றும் சொல்வதில்லை. வந்து பக்கத்தில் நிற்பாள், தண்ணீர் வேண்டுமா, பசிக்கிறதா என்று இவளே கண்டுபிடிக்க வேண்டும். 'அம்மா' என்று கேட்டுவிட வேண்டும் என்பதைத் தவிர அந்த நாட்களில் புஷ்பவல்லிக்கு வேறு ஆசையே இல்லை. இரவில் சோற்றை ஒரு டிஷ்யூவில் பொதிந்து தலையணைக்கு அடியில் குழந்தை ஒளித்து வைக்கிறாள் என்று தெரிந்ததும், மறுநாளிலிருந்து தானே ஒரு டப்பாவில் முறுக்கு போட்டுக் கட்டிலோரம் வைத்தாள். மூன்றாம் நாள் காலையில் டப்பாவின் மூடிமேல் பாதி முறுக்கு இருந்தது. புஷ்பவல்லிக்காக வைத்தது. அதை அவள் பல்படாமல் வாயில் ஊறவைத்துத் தின்றாள்.

மே முதல் வாரம், குழந்தை எப்படிப் பழகுகிறாள் என்று ரிப்போர்ட் எழுத டெப்ரா வந்தார். ஏஜென்சியின் சமூகப் பணியாளர், அறுபது வயது, நல்ல மனுஷி. காபியைக் கையில் வாங்கிக்கொண்டு படியடியில் நின்று, அவர் நாக்குக்கு வந்த மாதிரி, "வேன்மேத்தி!" என்று பாடினார்.

"கமிங்!" என்று மேலிருந்து குரல்.

அதே நொடியில் பின்பக்கக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு, கையில் புல்லும் முழங்காலில் மண்ணுமாகக் குழந்தை உள்ளே வந்தாள். டெப்ரா கைதட்டிச் சிரித்தார். கால் என்ன வேகம் என்றார். இரண்டே மாதத்தில் இப்படி ஓர் உச்சரிப்பா, இங்கேயே பிறந்த பிள்ளை மாதிரி இருக்கிறதே என்றார். ரிப்போர்ட்டில் 'மிகச் சிறப்பாகப் பொருந்தி வருகிறாள்' என்று எழுதினார்.

குழந்தை புஷ்பவல்லியைப் பார்த்தாள். புஷ்பவல்லி காபிக் கோப்பையைப் பார்த்தாள்.

அன்று சாயங்காலம் நஞ்சுண்டன் உள்ளே நுழையும்போதே, "வான்மதி, நான் வந்துட்டேன்" என்றான். "ஹாய் டாட்" என்றது மாடி. ஷூவைக் கழற்றக் குனிந்தவன் அப்படியே நிமிர்ந்தான். அவன் கண் கலங்கியிருந்தது. "கேட்டியா வல்லி? காலைல வரைக்கும் சார்னு சொன்னவ."

குழந்தை அப்போது புஷ்பவல்லிக்குப் பின்னால், அவள் சட்டையின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

*

வேக்குவம் கிளீனரை எடுக்கக் குளோசெட்டைத் திறந்தபோது குழந்தை உள்ளே உட்கார்ந்திருந்தாள். கையில் ஸ்கூல் பென்சில். பெட்டியைத் தேடி எடுத்துவிட்டாளோ என்றுதான் புஷ்பவல்லி முதலில் பார்த்தாள். பெட்டி இருந்த இடத்தில் இருந்தது. குழந்தை கதவுச் சட்டத்தின் உட்புறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சட்டம் முழுக்கப் பென்சில் கோடுகள். மெஹர் நிஷா வீட்டில் அவள் மகன் அஃப்னானைச் சுவரோடு நிறுத்தி உயரம் குறித்திருப்பதைக் குழந்தை பார்த்திருந்தாள். அதே மாதிரிதான். ஆனால் இங்கே முதல் கோடு தரையிலிருந்து முழங்கால் உயரம்கூட இல்லை. அதற்கு மேலே ஒன்று. அதற்கு மேலே. விரற்கடை விரற்கடையாக ஏறி, சில இடங்களில் சாண் அளவு தாவி, புஷ்பவல்லியின் மார்பு வரைக்கும் வந்திருந்தன.

"என்னடா கண்ணு இது?"

"அதோட உசரம்."

"எதோட?"

"ராத்திரி இங்கதான் வந்து நின்னுக்கும். நான் வெளிய இருந்து கோடு போடுவேன். ஒண்ணும் பண்ணாது." எழுந்து, கடைசிக் கோட்டுக்குப் பக்கத்தில் முதுகை ஒட்டி நின்று காட்டினாள். அவள் தலையும் கோடும் ஒரே மட்டம். "நீங்க கூப்புடக் கூப்புட வளருது. சார் கூப்புட்டாலும் வளருது. ஸ்கூல்ல மிஸ் கூப்புட்டாக்கூட. இங்க வந்து பாத்தா வளந்திருக்கு."

புஷ்பவல்லி அந்தக் கடைசிக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"அது அவளோட பேரு" என்றாள் குழந்தை. குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. தப்பான பஸ்ஸில் ஏறிவிட்டவருக்கு ஊர் சொல்கிற குரல். "என் பேரைக் கூப்புடுங்க. எங்கம்மா வெச்ச பேரு. ஹோம்ல விட்டுட்டுப் போறப்ப, பேரை மட்டும் மறந்துறாதன்னு சொல்லிட்டுதான் போச்சு."

அன்றிரவு நஞ்சுண்டனிடம் கேட்டுப் பார்த்தாள். "ஏங்க, பழைய பேரையே கூப்பிட்டா என்ன?"

"வல்லி, கோர்ட் ஆர்டர், பாஸ்போர்ட், ஸ்கூல், எல்லாத்துலயும் ஏத்தியாச்சு. இப்பதான் டாட்னு வாய் வந்திருக்கு. இப்பப் போயி மாத்துனா குழந்தை குழம்பிரும்." விளக்கை அணைத்தான். "நடுவுல எஸ் இருக்குதல்ல."

அப்போது சொல்லியிருக்கலாம். பிப்ரவரி, இருபது நிமிடம், காது, மூன்று தடவை. நான்கைந்து வாக்கியம்தான். அவன் ஒருபுறமாகச் சாய்ந்து படுத்துக் குறட்டை விடத் தொடங்கும் வரை அவற்றை நாக்கில் வைத்திருந்து, விழுங்கினாள்.

மறுநாளிலிருந்து அவன் ஆபீஸ் போன பிறகு மட்டும், மெதுவாக, "சாந்தாமணி" என்று கூப்பிட்டாள்.

"வந்தேன்." உடனே பதில். ஓடிவருகிற சத்தம். நான்காம் படியின் கிறீச். முகம் முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்பில் முன்பல் ஒன்று கோணல் என்பதையே அப்போதுதான் புஷ்பவல்லி கண்டாள். நான்கு நாள் அப்படிப் போனது. தோசை வார்க்கக் கற்றுக்கொடுத்தாள். "உங்க தோசை டெக்சஸ் மேப்பு மாதிரி இருக்கு" என்றாள் குழந்தை.

மாடியில் சத்தம் குறைந்தது. குறைந்ததே தவிர, போகவில்லை. காது கொடுத்துக் காத்திருக்கிறவர்களின் அமைதி அது. நான்காம் நாள் காலையில், நடுப்படியில் அந்தப் பின்னல் தொப்பி கிடந்தது. உள்ளே ஈரமாக இருந்தது.

*

வியாழக்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு வானம் பச்சையானது. காற்று ஓய்ந்தது. குளத்துத் தவளைகள் ஒன்றுகூடக் கத்தவில்லை. கூடத்தில் நின்று, அரைமணி முன்பு குழந்தைக்குத் தலைவாரியதில் கையில் மிஞ்சிய தேங்காய் எண்ணெயைப் புறங்கையில் தேய்த்துக்கொண்டிருந்தாள் புஷ்பவல்லி. இரட்டைச் சடை, சிவப்பு ரிப்பன். கணக்குப் பாடம் முடிக்கக் குழந்தை மாடிக்குப் போயிருந்தாள். தொப்பியைப் பெட்டியில் வைத்து, பெட்டியை டேப் போட்டு ஒட்டியாகிவிட்டது. இன்றைக்கு நஞ்சுண்டன் வந்ததும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். எல்லாவற்றையும்.

ஃபோன் அலறியது. டொர்னேடோ எச்சரிக்கை, உடனே பாதுகாப்பான இடத்துக்குப் போகவும் என்றது திரை. அதைத் தள்ளுவதற்குள் நஞ்சுண்டன் ஃபோனில் அழைத்தான்.

"ஃப்ரீவேல மாட்டிக்கிட்டேன், வல்லி. கேட்டி பக்கம்தான் வருதாம். படிக்கு அடில குளோசெட் இருக்குதல்ல, அதுக்குள்ள போயிருங்க. ஓடு. வான்மதியக் கூப்பிடு. சீக்கிரம்."

கரன்ட் போனது. ஏசி மூச்சை நிறுத்தியது. ஃபோனில் வெறும் இரைச்சல். மேற்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. நீளமான, முடிவில்லாத சரக்கு ரயில் ஒன்று தண்டவாளமே இல்லாமல் வீட்டை நோக்கி வருகிற சத்தம். ஜன்னல் சட்டங்கள் நடுங்கின. புஷ்பவல்லி இருட்டில் படியடிக்கு ஓடினாள். வாயைத் திறந்தாள்.

எந்தப் பெயர் வரவேண்டும் என்று அவளுக்குத் தெரியும். நான்கு நாள் பழகிய பெயர். ஆனால் பயத்தில் வாய் மனசிடம் கேட்பதில்லை. பதினோரு வருடம், ஒவ்வொரு இரவும், உதடு அசையாமல் கூப்பிட்ட பெயர் ஒன்று இருந்தது. அதுதான் முந்திக்கொண்டது.

"வான்மதி!"

மேலே கதவு திறந்தது. காலடிகள் ஓடிவந்தன. தான் சொன்னது எந்தப் பெயர் என்று காதில் விழுந்ததும் அவள் படிகளை எண்ணத் தொடங்கினாள். ஏழு. ஆறு. ஐந்து.

கிறீச்.

நான்காம் படி கத்தியது. அப்பாடா. கனம் இருக்கிறது. இது என் பெண். ஒரு சின்னக் கை இருட்டில் அவள் கையைப் பற்றியது. அதை இழுத்துக்கொண்டு குளோசெட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்தி, சூட்கேஸ்களுக்கு நடுவே உட்கார்ந்து, குழந்தையை மடியில் இறுக்கிக்கொண்டாள். கண்ணாடி எங்கோ உடைந்தது. வீடு அடியோடு குலுங்கியது. "ஒண்ணும் இல்லடா கண்ணு, ஒண்ணும் இல்ல." தலையைத் தடவினாள்.

சடை இல்லை.

மறுபடியும் தடவினாள். ரிப்பன் இல்லை. எண்ணெய் இல்லை. மெல்லிய முடி. ஈரம். தூசியும் ரப்பருமாக நாறிய குளோசெட்டில் அந்த சோப்பு வாசனை. மடியிலிருந்த உடம்பில் கடுகளவும் சூடு இல்லை.

கதவில் தட்டு.

"அம்மா."



"அம்மா, கதவத் தெறங்க. நான் சாந்தாமணி. பயமா இருக்கும்மா."

முதல் தடவை. இரண்டு மாதமாக எதற்குக் காத்திருந்தாளோ, அது கதவுக்கு வெளியே நின்றது. புஷ்பவல்லி கைப்பிடியைத் தேடி நீட்டினாள். அங்கே ஏற்கெனவே ஒரு கை இருந்தது. உள்ளிருந்து. இறுக்கமாக.

மடியில் இருந்தது திரும்பியது. குளிர்ந்த உதடுகள் அவள் காதில் வந்து பொருந்தின. பெயர் வைக்கிறவர்கள் வைப்பது போல.

"மாம்."

தட்டுகிற சத்தம் பலமாக, அவசரமாக. "அம்மா, அம்மா."

"மாம்."

தட்டுகிற சத்தம். அடுத்த அறையில் தட்டுவது போல. அடுத்த வீட்டில்.

"மாம்."

வெளியே ஒன்றுமில்லை. மழை மட்டும்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கராஜ் பக்கக் கதவை யாரோ தோளால் இடித்துத் திறந்தார்கள். ஈர ஷூ. நஞ்சுண்டனின் குரல், உடைந்து போய். "வல்லி! வான்மதி!"

"வி ஆர் இன் ஹியர், டாட்" என்றது மடி.

கதவு திறந்தது. டார்ச் வெளிச்சம் கண்ணில் அடித்தது. அவன் இருவரையும் பார்த்தான். ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறவன் போல அவன் தலை அசைந்தது. கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே குனிந்தான். "ரெண்டு பேரும் இருக்கீங்க. போதும். போதும் சாமி." கைநீட்டிக் குழந்தையை வாரித் தோளில் போட்டுக்கொண்டான். "ஏஞ்சாமி, சடைய எப்ப அவுத்தே? யப்பா. என்ன கனம் கனக்கறா."

அவன் திரும்பியபோது டார்ச் வெளிச்சம் தற்செயலாகப் படியைத் தொட்டு நகர்ந்தது. அடிப்படியில் ஒரு பெண் நின்றாள். இரட்டைச் சடை, சிவப்பு ரிப்பன். கதவைத் தட்டிய கையை இன்னும் இறக்கவில்லை. நஞ்சுண்டன் அவளைக் கடந்து போனான். அவன் முழங்கை அவள் தோளில் பட்டிருக்க வேண்டும். படவில்லை. அவள் வாய் திறந்து மூடியது. சத்தம் வரவில்லை. உதட்டசைவில் அது என்ன சொல் என்று புஷ்பவல்லிக்குத் தெரிந்தது.

கூப்பிட்டால் போதும். கூப்பிட்டால் வந்துவிடுவாள். புஷ்பவல்லி வாயெடுத்தாள்.

பெயர் வரவில்லை.

ஒரு பெயர் இருந்தது. பழைய காலத்துப் பெயர். நஞ்சுண்டன் கேலி செய்த பெயர். எஸ் என்று தொடங்கும். எஸ். எஸ். அதற்கு மேல் வெறும் காற்று.

அவள் காத்திருந்தாள், அந்தப் பெண். கோணல் பல் தெரிய வாயைச் சற்றுத் திறந்து, கூப்பிடப் போகிறார்கள் என்று நம்புகிற முகத்தோடு, வெகுநேரம். பிறகு கையை இறக்கித் திரும்பினாள். படியேறினாள். ஒன்று. இரண்டு. மூன்று.

நான்காம் படியில் அவள் பாதம் முழுசாகப் பதிந்ததைப் புஷ்பவல்லி பார்த்தாள்.

பலகை கிறீச்சிடவில்லை.